தலையைச் சாய்ச்சுப் பாருங்க

எங்க ஊர்ல பேர் வைக்கிறதுல ஒரு கிறுக்கு உண்டு. ஒரு சத்தத்தை ஒரு தடவை சொன்னா மனசு ஆறாது, அதையே இன்னொரு தடவை இழுத்துச் சொல்லணும். என் வீட்டுக்காரர் பேர் டிடின் வஹிடின். கல்யாணத்தன்னிக்கு என் தங்கச்சி காதோரம் வந்து, "பேரே ரெண்டு தடவை வருதே அக்கா, சோறும் ரெண்டு தடவை வடிக்கணுமோ என்னமோ"ன்னு சிரிச்சா. சோத்துக்கெல்லாம் அலையிற ஆளில்ல அவர். அவரோட அலைச்சல் வேற.

எங்க லெம்பாங் மேட்டுல அந்தப் பெரிய வெள்ளை உருண்டைக் கூண்டு இருக்கே, வானம் பாக்கிற இடம், அதைப் பாத்துக்கிட்டேதான் நாங்க எல்லாரும் வளர்ந்தோம். மத்தவங்களுக்கு அது வழி சொல்ல ஒரு அடையாளம், அவ்வளவுதான். "கூண்டுக்குக் கீழ, இடது கைப்பக்கம், ஒட்டரிசிப் பலகாரம் சுடுற பொம்பளை"ன்னு சொன்னா என் கடைக்கு வந்துடுவாங்க. இவருக்கு மட்டும் அது எப்படியோ உள்ளுக்குள்ள போயிடுச்சு. கீழ பாண்டுங் பட்டணத்துல மெத்தைக் கடை வச்சிருக்கிற ஹாஜி உயுன்கிட்டேருந்து கை நீளத்துக்கு ஒரு பழைய தொலைநோக்கிக் குழாயை வாங்கிட்டு வந்தார். பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்கும் துணிக் கொடிக்கும் நடுவுல மூணு காலுல அதை நிறுத்தினார். அன்னைக்கிலேருந்து பொழுது சாஞ்சு மஃரிப் தொழுதாருன்னா அடுத்த வேலை கொல்லைப்பக்கம்தான். என் துணியெல்லாம் சாயங்காலத்துக்குள்ள கொடியை விட்டு இறங்கிடணும். வானத்தை மறைக்குதாம்!

சரி, நிலாவைப் பாரு, வளையம் போட்ட சனியைப் பாரு, நாலு பேருக்குக் காட்டு, நியாயம். இவரும் ஹாஜியும் இன்னும் நாலஞ்சு கிறுக்கனுங்களும் ரெட்டை நட்சத்திரத்தைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டாங்க. வெறுங்கண்ணுக்கு ஒண்ணா இருக்கும், குழாய்ல பாத்தா ரெண்டா இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி, சின்னது பெருசுக்கு எந்தப் பக்கம் நிக்குதுன்னு அளந்து ஒருத்தருக்கொருத்தர் போன்ல சொல்லிக்குவாங்க. பேரன் பிறந்த மாதிரி சந்தோஷப்படுவாங்க.

"அதுங்க பிரிஞ்சா நமக்கென்ன, சேந்தா நமக்கென்ன காங்?"னு கேட்டேன் ஒரு நாள். நான் அவரைக் காங்னு கூப்பிடுவேன், அவர் என்னை நேங்னு கூப்பிடுவார்.

"பிரியல நேங். ஒண்ணை ஒண்ணு விடாம சுத்திக்கிட்டு இருக்குதுங்க."

"நானும்தான் உங்களையே சுத்திக்கிட்டு இருக்கேன். என்னை ஒரு நாளாவது அளந்து பாத்திருக்கீங்களா?"

என் இடுப்பை ஒரு பார்வை பாத்துட்டு, "அளந்தா அடிப்ப"ன்னார். அடிக்கத்தான் போனேன், கையில சோத்துக் கரண்டி இருந்துச்சு.

இப்படிப் பேசுறேன்னு அவரைச் சோம்பேறின்னு நெனச்சுடாதீங்க. விடியக்காலையில வேனை எடுத்துடுவார். மேட்டு வீட்டுப் பிள்ளைங்க அத்தனையையும் ஏத்திக்கிட்டு, அந்த வளைவு வளைவான ரோட்டுல இறங்கி பள்ளிக்கூடத்துல விடணும், மத்தியானம் திரும்பக் கூட்டிட்டு வரணும். இறக்கி விட்டதும் வாசல்ல நின்னு தலை எண்ணாம கிளம்ப மாட்டார். பெத்தவங்க யாரும் எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க, மாங் டிடின், அதான் டிடின் மாமா வண்டின்னா அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவருக்குச் சொத்து. எனக்கும்தான்.

போன வெயில் காலத்துலதான் எனக்குச் சந்தேகம் தட்ட ஆரம்பிச்சுது. டீயைக் கோப்பைக்கு வெளியில ஊத்துவார். கேட்டா, "மேசை ஆடுது." நோன்பு மாசத்துலேருந்து கழுத்து வேற ஒரு பக்கமாச் சாய ஆரம்பிச்சுது. வாசல்ல நின்னு ரோட்டைப் பாக்கும்போது கோழி தானியத்தைப் பாக்கிற மாதிரி தலையைத் தோள்பக்கம் சாய்ப்பார், நிமித்துவார், திரும்பச் சாய்ப்பார். பனியில நின்னு நின்னு உடம்புக்குள்ள காத்து புகுந்துடுச்சுன்னு எனக்குத் தோணுச்சு. எங்க பக்கத்துல எந்த வலிக்கும் காத்துதானே காரணம்? மருந்தெண்ணெய் தடவி, காத்து இறங்கட்டும்னு காசு விளிம்பால பிடரியைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டி விட்டேன். குனிஞ்சு உக்காந்திருப்பார். "வலிக்குதா?"ன்னா "இல்ல"ன்னுடுவார். கழுத்து மட்டும் நேராகவே இல்ல.

அவருக்கும் எல்லாத்துக்கும் காத்துதான். "நட்சத்திரமெல்லாம் இன்னைக்குப் பிசிறடிக்குது நேங், மேல காத்து சரியில்ல." அடுத்த நாளும் காத்து சரியில்ல. அதுக்கு அடுத்த நாளும் அதே கதை. வானம் பாக்கிறவங்க குழாயையும் குறை சொல்ல மாட்டாங்க, தங்களையும் குறை சொல்ல மாட்டாங்க.

அப்படி இருக்கிறப்பதான் ஒரு சாயங்காலம் கொல்லையிலேருந்து, "ரோகாயா! ரோகாயா!"ன்னு ஒரு கத்தல். மாட்டுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு கையில மாவோட ஓடினேன். மனுஷன் முகமெல்லாம் பல்லா நிக்கிறார்.

"ரெண்டா இருக்கு நேங்! எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லி வச்சிருக்காங்க, எனக்கு ரெண்டா தெரியுது. நேத்தும் தெரிஞ்சுது, முந்தாநாளும் தெரிஞ்சுது. உறுதியாகட்டும்னுதான் சொல்லாம இருந்தேன்."

"எது?"

"வானத்துல தேள் மாதிரி நிக்குதே, அதோட வாலுக்குப் பக்கத்துல. இதுவரைக்கும் ஒருத்தன் கண்ணுலயும் படல. நான்தான் முதல்ல. நமக்குள்ள அதுக்கு ரோகாயான்னு பேர் வச்சுக்கலாம்."

என்ன வேணா சொல்லுங்க, நான் உருகிப் போயிட்டேன். காலம் பூரா திட்டிக்கிட்டுக் கிடந்த பொம்பளை பேரைக் கொண்டுபோய் வானத்துல வைக்கிறாரே! மாவுக் கையோட குனிஞ்சு பாத்தேன். பொட்டு மாதிரி ஒரே ஒரு நட்சத்திரம் அசையாம நின்னுச்சு.

"ஒண்ணுதானே காங் இருக்கு?"

"உனக்குப் பழக்கமில்ல. ஓரக்கண்ணால பாரு. கீழ, வலது பக்கம், சின்னதா."

ஓரக்கண்ணால பாத்தேன், நேர்க்கண்ணால பாத்தேன். எனக்கு அது ஒண்ணேதான். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாட்டியும் உள்ளதைச் சொல்லிட்டேன். "ஒட்டரிசி கருகுறதே உன் கண்ணுக்குத் தெரியாது, இது எங்க தெரியப் போகுது"ன்னு சிரிச்சுட்டு ஹாஜிக்குப் போன் போட்டார்.

இந்தக் கிறுக்கனுங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருத்தர் கண்டுபிடிச்சேன்னு சொன்னா போதாது, இன்னொரு கண்ணு பாத்து ஒத்துக்கணும். அது வரைக்கும் வெளியில வாயைத் திறக்கக் கூடாது. அதனால மறுநாள் சாயங்காலமே ஹாஜி தன்னோட குழாயை முதுகுல கட்டிக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல மேட்டுக்கு ஏறி வந்துட்டார். இஞ்சித் தண்ணி குடுத்தேன். ஊதி ஊதிக் குடிச்சுட்டுத் தன் குழாய்ல பாத்தார். அப்புறம் எங்க குழாய்ல பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

"டிடின், எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்க பாண்டுங் புகையில கெட்டுப்போன கண்ணு அது, ஹாஜி."

"இருக்கட்டும். நீ பாரு. தெரியுதா?"

"தெரியுது."

"கண்ணு வைக்கிற வில்லையைத் திருப்பு. நட்சத்திரமும் சேந்து திரும்புதா?"

"இல்ல."

"அப்போ வில்லையில கோளாறு இல்ல. இப்போ உன் தலையைச் சாய்ச்சுப் பாரு."

இவர் குழாயை விட்டு முகத்தை எடுத்தார். "எதுக்கு?"

"எதுக்கா? எனக்கே சொல்லிக் குடுத்தவன் நீ! தலையோட சேந்து அதுவும் சாஞ்சா, ரெண்டாவது நட்சத்திரம் வானத்துல இல்ல, உன் கண்ணுல இருக்கு. சாயாம நின்னா வானத்துல இருக்கு. சாய்ச்சுப் பாரு."

அவர் குனிஞ்சார். கொட்டகை விளக்கு வெளிச்சத்துல அவர் பிடரி தெரிஞ்சுது, நான் சுரண்டின சிவப்புக் கோடெல்லாம் அப்படியே இருந்துச்சு. தலை கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு, சாயாத மாதிரியும் இருந்துச்சு.

"நின்ன இடத்துலேயே நிக்குது"ன்னார்.

ஹாஜி தாடியைத் தடவினார். "அப்படின்னா நல்லது. ஆனா என்னால ஒத்துக்க முடியாது. கண் டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வா, அப்புறம் பேசலாம்."

"பொறாமை"ன்னார் இவர். விளையாட்டாச் சொல்லல. அத்தனை வருஷச் சிநேகிதத்துல அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்ல. ஹாஜி மிச்ச இஞ்சித் தண்ணியைக்கூடத் தொடாம குழாயைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார்.

எனக்கு மனசு ஆறல. வேன் பிள்ளைங்க முகமாத்தான் கண்ணுல வந்துச்சு. சோறு போடும்போதே ஆரம்பிச்சேன். "காங், கண்ணுல ஏதாவது இருந்தா சொல்லுங்க. வேன்ல ஏறுறது ஊரான் வீட்டுப் பிள்ளைங்க."

"நட்சத்திரத்துக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம்?"

"கண்ணுதான் சம்பந்தம்."

"வளைவு ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"அப்படித்தான் ஓட்டுறீங்களான்னுதான் கேக்குறேன்!"

தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டார். அந்த மனுஷன் சோத்தைத் தள்ளினதே இல்ல. அப்பவே எனக்குப் பாதி தெரிஞ்சு போச்சு.

காலையில சந்தைக்குப் போகணும்னு பொய் சொல்லி வேன்ல முன் சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டேன். பின்னாடி பிள்ளைங்க ஒரே கூச்சல். நூரின்னு ஒரு வாயாடி உண்டு, "இன்னைக்கு அம்மாயி காவலுக்கு வந்திருக்காங்க, மாங் நேத்து எதையோ திருடிட்டார்"னு சொல்லிச்சு. எல்லாம் சிரிச்சுதுங்க. இவரும் சிரிச்சார். வெளியில பனின்னா பனி, எதிர்ல கையை நீட்டினா கை தெரியாது. வர்ற வண்டியெல்லாம் வெறும் வெளிச்சமாத்தான் வந்துச்சு.

முதல் வெளிச்சம் வந்துச்சு. அவர் தலை தோள்பக்கம் சாஞ்சு நிமிந்துச்சு. பால் கேன் கட்டின மோட்டார் சைக்கிள் ஒண்ணு பக்கத்துல கடந்து போச்சு. அடுத்த வெளிச்சத்துக்கும் தலை சாஞ்சு நிமிந்துச்சு.

ஹாஜி செய்யச் சொன்னது இதைத்தானே! கழுத்துவலியும் இல்ல, காத்தும் இல்ல. நோன்பு மாசத்துலேருந்து இந்த மனுஷன் ரோட்டுல வர்ற ஒவ்வொரு விளக்கையும் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுச் சோதிச்சுக்கிட்டு இருந்திருக்கார். நான் முட்டாச் சிறுக்கி, காசை வச்சுப் பிடரியைச் சுரண்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

"காங்"னேன் மெதுவா. "எத்தனை தெரியுது?"

அவர் முன்கண்ணாடியைக் கையால துடைச்சார்.

"வண்டியை நிறுத்துங்க."

"பிள்ளைங்க முன்னாடி பேசாத. பள்ளிக்கூடம் போனதும் பேசலாம்."

பைன் மரத்து வளைவு வந்துச்சு. வேன் திரும்புது, சரிவுல எங்க எல்லார் உடம்பும் ஒரு பக்கம் சாயுது. எதிர்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வெளிச்சம். அவர் தலையைச் சாய்ச்சார். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு எவ்வளவு வழி வேணுமோ அவ்வளவு விட்டுட்டு நடுரோட்டுல ஏறினார்.

"ரெண்டு காங்! ரெண்டு!"ன்னு நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தேன்.

பிரேக் சத்தமும் பிள்ளைங்க அலறலும் ஒண்ணா கேட்டுச்சு. வேன் மண்சுவத்துல உரசி நின்னுச்சு. ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை இடிக்காம நூலிழையில நழுவிப் போச்சு. இன்னொண்ணு ரோட்டை விட்டுப் பறந்து முட்டைக்கோஸ் வயல்ல விழுந்துச்சு. யா அல்லாஹ்! பின்னாடி திரும்பிப் பாத்தேன், பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணா கிடந்துதுங்க, அழுதுதுங்க, ஆனா முழுசா இருந்துதுங்க. செருப்புக்கூட இல்லாம வயலுக்கு ஓடினேன்.

காய்கறி விக்கிற இமாஸ்தான். அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு வண்டியில, பேசிக்கிட்டே ஜோடியா ஏறி வந்திருக்காங்க. கோஸுக்கு நடுவுல உக்காந்து ஒரு கையை இன்னொரு கையால தாங்கிக்கிட்டு முனகிக்கிட்டு இருந்தா. முகமெல்லாம் மண்ணு. "உயிர் இருக்கு அம்மாயி, கைதான் போச்சு"ன்னா. அவ அண்ணன் வண்டியைப் போட்டுட்டு ஓடி வந்தான்.

"கண்ணு எங்க இருக்கு மாங் உங்களுக்கு? ரெண்டு வண்டி வர்றது தெரியல?"

இவர் வேன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். "ரெண்டு வண்டியா வந்தீங்க?"

"என்ன, கேலி பண்றீங்களா?" அவன் கையை ஓங்கிட்டான். நான் நடுவுல புகுந்தேன். அது கேலியில்லன்னு அந்த இடத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் நிஜமாத்தான் கேட்டார்.

பால் லாரி ஒண்ணு வந்துச்சு, இமாஸை ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதுக்கப்புறம்தான் அவர் ரோட்டோரக் கல்லுல உக்காந்தார்.

"எல்லா விளக்கும் ரெண்டாத்தான் தெரியுது நேங். சாய்ச்சுப் பாப்பேன். ரெண்டும் சேந்து சாஞ்சா ஒண்ணு பொய்னு தள்ளிடுவேன். இந்த வளைவுல வண்டியே சாஞ்சுது. வெளிச்சமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, எது சாஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. வழக்கம்போல ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளிட்டேன்."

தள்ளினது இமாஸை. எனக்குக் கோபம் வந்துச்சு.

"ரோட்டுல சாய்ச்சுப் பாக்கத் தெரிஞ்சுது. அந்த நட்சத்திரத்தை ஏன் சாய்ச்சுப் பாக்கல? ஹாஜி தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே!"

"சாய்ச்சா போயிடும்னு தெரியும்"னார். "அது போச்சுன்னா, வேனும் போச்சு. எல்லாம் ஒரே கண்ணுதானே."

அழுதுட்டார். நான் கட்டினதுலேருந்து அவர் அழுது பாத்ததில்ல. ரெண்டு அறை விடணும் போலவும் இருந்துச்சு, தலையை மடியில வச்சுக்கணும் போலவும் இருந்துச்சு. ரெண்டையும் செய்யல. பிள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னுதுங்க. கையை நீட்டினேன். வேன் சாவியை எடுத்து என் உள்ளங்கையில வச்சார்.

எனக்கு ஓட்டத் தெரியாது. அதனால நடந்தோம். பிள்ளைங்களை ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிக்க வச்சு, வரிசையா, சுவத்தோரமா இறங்கினோம். நான் முன்னாடி போனேன், அவர் கடைசியில வந்தார். வாயாடி நூரி என் கையை விடவே இல்ல. வண்டி வெளிச்சம் தெரிஞ்சப்பல்லாம், "நில்லுங்க"ன்னு அவர் குரல் மட்டும் பின்னாடியிருந்து கேட்டுச்சு. ஒண்ணோ ரெண்டோ, எல்லாத்துக்கும் நின்னோம்.

பள்ளிக்கூட வாசல்ல பிள்ளைங்க உள்ள போக ஆரம்பிச்சுதுங்க. நான் அவரைப் பாத்தேன். வழக்கமா எண்ணுற இடத்துலதான் நின்னார், விரலும் வழக்கம்போல உசந்துச்சு. கொஞ்ச நேரம் அந்தரத்துல அப்படியே நின்னுட்டுக் கீழ இறங்கிடுச்சு.

"நீ எண்ணு ரோகாயா"ன்னார். "இதுக்கு வேற கண்ணு வேணும்."

எண்ணினேன். "எல்லாம் இருக்குதுங்க காங்."

"சரியாப் பாத்தியா?"

"சரியாத்தான் பாத்தேன்."

"எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிடு"ன்னார். கண்ணை இறுக்க மூடிக்கிட்டார். நான் ஒவ்வொரு பிள்ளை பேரையும் அவர் காதுல விழுற மாதிரி சத்தமாச் சொல்லி, முதல்லேருந்து எண்ணினேன்.